முப்பத்தெட்டாவது அர்த்தம்

விசாரணை பிற்பகல் மூன்று மணிக்கு. பேராசிரியர் காலை ஏழு மணிக்கே கோட்டு மாட்டிக்கொண்டு தயாராகிவிட்டார்.

இந்த வீட்டுக்குள் இன்றைக்குத்தான் எட்டிப்பார்க்கிறவர்களுக்காகக் கொஞ்சம் முன்கதை. பேராசிரியர் ஓய்வு பெற்றபோது துணைப் பேராசிரியர்தான். வாசலுக்குப் பெயர்ப்பலகை செய்தவர், பலகையில் இடம் போதவில்லை என்று 'துணை'யை விட்டுவிட்டார். இவரும் திருத்தச் சொல்லவில்லை. போன மாதம் அவருடைய புத்தகம் வெளிவந்தது. 'செட்' என்ற ஒரே ஒரு ஆங்கிலச் சொல் நம் வாயில் புகுந்து போட்டிருக்கும் நாற்பத்து மூன்று வேஷங்கள் அதன் பொருள். பம்ப் செட்டிலிருந்து பல் செட் வரை, பழைய காலேஜ் செட்டிலிருந்து 'அவனுக்கும் எனக்கும் செட் ஆகாது' வரை எல்லாம் உண்டு. ஒவ்வொரு அர்த்தத்துக்கும் கீழே, சொன்னவர் யார், கேட்ட இடம் எது என்று பொடி எழுத்தில் சாட்சியமும் உண்டு.

அந்தப் பொடி எழுத்துதான் இப்போது ஒரு மனிதரின் வேலைக்கு உலை வைத்திருக்கிறது.

இரண்டு வாரத்துக்கு முன்பு, இவர்கள் குடியிருக்கும் கட்டடத்தின் லிஃப்ட் ஐந்தாம் மாடிக்கும் ஆறாம் மாடிக்கும் நடுவில் நின்றது. உள்ளே இருந்தவர் குடியிருப்போர் சங்கச் செயலாளர். நாற்பது நிமிடம். செல்போனில் சிக்னல் இல்லை. அன்று காலை பேராசிரியர் அன்பளிப்பாகத் திணித்த புத்தகம் மட்டும் கையில் இருந்தது. அதை நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம் வரை படித்த முதல் மனிதர் என்ற பெருமை அவருக்குக் கிடைத்தது இப்படித்தான். அந்தப் பக்கத்தில், முப்பத்தெட்டாவது அர்த்தமாக, இது இருந்தது:

'செட் அடித்தல்: செய்யாத வேலையைச் செய்ததாகப் பதிவேட்டில் கையெழுத்திடுதல். சொன்னவர்: லிஃப்ட் மெக்கானிக். கேட்ட இடம்: எங்கள் கட்டடத்தின் தரைத்தளம்.'

வெளியே வந்ததும் செயலாளர் தண்ணீர் கேட்கவில்லை. புகார் எழுத வெள்ளைத்தாள் கேட்டார். மறுநாளே மெக்கானிக்கை அவருடைய கம்பெனி வேலையிலிருந்து நிறுத்திவைத்தது. இன்றைக்கு முடிவான விசாரணை. மொழி நிபுணர் என்று மதித்துப் பேராசிரியருக்கு ஒரு கடிதம் வந்திருந்தது. அந்தக் கடிதத்தை அவர் நான்கு பிரதி எடுத்து வைத்திருக்கிறார்.

மெக்கானிக் அப்படி ஒரு வார்த்தையைச் சொன்னதே இல்லை. இது உறுதியாகத் தெரிந்தவள் ஒருத்திதான். அவள் பேராசிரியரின் சின்ன மகள். இப்போது எதிரே உட்கார்ந்து, குடிக்காமலே டீயை ஆற்றிக்கொண்டிருந்தாள்.

"டை கட்டணுமா, வேண்டாமா?" என்றார் பேராசிரியர்.

"விசாரணை அவருக்கா, உங்களுக்கா?" என்றாள் அம்மா.

"நிபுணர் சாட்சியம்னா ஒரு தோற்றம் வேணும்."

"ஒரு ஆளோட பிழைப்பு போறதைப் பார்க்க எதுக்குங்க தோற்றம்?"

"நான் யார் பிழைப்பையும் கெடுக்கலை. மொழி என்ன சொல்லுதோ அதை எடுத்து வைக்கிறேன். அதுக்கு மேல எனக்கு அதிகாரம் கிடையாது." அந்தக் குரல் தொண்டையிலிருந்து வரவில்லை. ஏதோ ஒரு மேடையிலிருந்து வந்தது.

"அப்பா..." என்றாள் சின்னவள்.

பேராசிரியரின் முகம் மலர்ந்தது. "சொல்லும்மா. புதுசு ஏதாவது கிடைச்சுதா?"

இந்த மலர்ச்சிதான் எல்லாவற்றுக்கும் காரணம்.

சின்னவள் முடிதிருத்தும் கலைஞர். ஆங்கிலம் படிக்க அனுப்பிய மகள் கத்தரிக்கோலோடு திரும்பி வந்தபோது, பேராசிரியர் மூன்று வருடம் அவளிடம் பேசவில்லை. "உப்பு", "கதவு", "ஃபேன்" என்று பொருள்களின் பெயரை மட்டும் அவள் இருக்கும் திசையில் சொல்வார். ஒருநாள் சாப்பிடும்போது அவள் அம்மாவிடம், "இன்னிக்கு வந்த ஒரு லேடி, 'என் நாத்தனார் செட்டே சரியில்லை'ன்னாங்கம்மா" என்றாள். பேராசிரியரின் ஸ்பூன் பாதியில் நின்றது. "யாரு? என்ன வயசு? என்ன வேலை பார்க்கறவங்க?"

அன்றிலிருந்து தினமும் மாலை ஆறு மணிக்கு, பேனாவும் சீட்டுப் பெட்டியுமாக அவளுக்காகக் காத்திருந்தார். இருபது வருடமாக வீட்டுக்கு எதிரே இருக்கும் கடையில் ஒரு தீப்பெட்டி வாங்கிப் பேசிப் பழகாத மனிதருக்கு, தெருவின் பேச்சு முழுவதும் மகளின் கையெழுத்தில் சீட்டுச் சீட்டாக வந்து சேர்ந்தது. அப்பாவும் மகளும் பேசினார்கள். சிரிக்கவும் செய்தார்கள்.

பிறகு சரக்கு தீர்ந்தது. ஒரே ஒரு வார்த்தைக்கு மனிதர்கள் எத்தனை அர்த்தம்தான் கொடுப்பார்கள்? ஒருநாள் வெறுங்கையோடு வந்தாள். "பரவாயில்லை" என்று பெட்டியை மூடினார். அந்தப் 'பரவாயில்லை'யை அவளால் தாங்க முடியவில்லை. மறுநாள் ஒரு அர்த்தத்தைத் தானே கற்பனை செய்துகொண்டு வந்தாள். இப்படி மொத்தம் பதினொன்று.

"புதுசு ஒண்ணும் இல்லைப்பா. அந்த முப்பத்தெட்டாவது..."

"அதேதான்! நாட்டுல ஒரு மொழியியல் சீட்டு விசாரணைக்கூடம் ஏறுறது இதுதான் முதல் தடவையா இருக்கும். எழுதினது நீ. பெட்டியைத் தூக்கிட்டு நீயும் வா. உனக்கும் அதுல பங்கு இருக்கு."

பங்கு இருக்கத்தான் செய்தது. டீ ஆறிப்போயிருந்தது.

*

பாதி நாள் லீவு. காலையில் சின்னவள் தான் வேலை பார்க்கும் முடிதிருத்தும் கடைக்குப் போனாள்.

கடைச் சுவரில், வாஷ்பேசினுக்கு மேலே ஓர் அட்டவணை தொங்கும். சீப்பு, கத்தரி, துண்டு என்று மூன்று கட்டம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் கிருமி நீக்கும் மெஷினில் வைத்து எடுத்து, கட்டத்தில் கையெழுத்துப் போட வேண்டும்.

"பதினோரு மணி ஆச்சு, சைன் பண்ணிடும்மா" என்றார் முதலாளியம்மா, கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமல். "மெஷினைப் பத்தி அப்புறம் பார்த்துக்கலாம். ரெண்டு பேர் வெயிட்டிங்."

கடையில் எல்லோரும் இப்படித்தான். சின்னவளும் இப்படித்தான். ஆறு மாதத்துக்கு முன்பு ஒரு சாயங்காலம், அன்றைக்கு உரிய ஆறு கையெழுத்தையும் மொத்தமாகப் போட்டுவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்பினாள். கையில் சீட்டு எதுவும் இல்லை. தரைத்தளத்தில் மெக்கானிக், வாயில் டார்ச்சைக் கவ்விக்கொண்டு லிஃப்ட் கதவுக்கு அடியில் மண்டியிட்டிருந்தார். டார்ச்சை எடுத்துவிட்டு, "பத்து நிமிஷம் ஆகும்மா. படியில போயிடுங்க" என்றார். அவ்வளவுதான் அவர் சொன்னது. ஏழு மாடி ஏறினாள். நான்காம் மாடியில் அர்த்தம் தோன்றியது. ஆறாம் மாடியில் அதற்கு ஒரு பெயர் தோன்றியது. சொன்னவர் யார் என்று எழுதியே ஆக வேண்டுமே? கீழே மண்டியிட்டிருந்தவரை எழுதிவிட்டாள்.

செய்வது தன் திருட்டுத்தனம். எழுதியது அடுத்தவர் கணக்கில்.

"என்னம்மா, பேனா எழுதலையா?" என்றார் முதலாளியம்மா.

சின்னவள் பேனாவை வைத்துவிட்டு, சீப்புகளை வாரி மெஷினில் போட்டுச் சுவிட்சைத் தட்டினாள். இருபது நிமிடம் ஓடும். இரண்டு வாடிக்கையாளர்களும் கடிகாரத்தைப் பார்த்தார்கள். முதலாளியம்மா அவளைப் பார்த்தார்.

"உடம்பு சரியில்லையா?"

*

டாக்ஸியில் ஒருமுறை முயன்றாள்.

"அப்பா, அந்தச் சீட்டுல ஒரு தப்பு இருக்கு."

"எழுத்துப்பிழையா? நான்தான் திருத்திட்டேனே. 'கையெழுத்து'க்கு நீ ஒற்று போடலை." சொல்லிவிட்டுச் சாட்சியத்தை முணுமுணுத்து ஒத்திகை பார்க்கத் தொடங்கினார். சின்னவள் மடியில் இருந்த பெட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பெட்டி ஒன்றும் கனமில்லை. உள்ளே வெறும் காகிதம்.

விசாரணை அறையில் நீள மேஜை. ஒரு பக்கம் கம்பெனி அதிகாரி, பக்கத்தில் தட்டச்சு செய்யும் பெண். இன்னொரு பக்கம் செயலாளர். மேஜையின் கடைசியில் மெக்கானிக். இஸ்திரி போட்ட சட்டை. பதினைந்து நாளில் ஆள் பாதியாகியிருந்தார். பேராசிரியர் உள்ளே வந்ததும் எழுந்து நின்றார். அந்த அறையில் எழுந்து நின்றவர் அவர் ஒருவர்தான்.

"சார், எளிமையா ஒரே கேள்வி" என்றார் அதிகாரி. "இவர் இதைச் சொன்னாரா?"

'எளிமையா' என்பது பேராசிரியரின் காதில் விழவில்லை. அந்நியச் சொல் ஒரு மொழிக்குள் எப்படி நுழைகிறது என்பதில் தொடங்கினார். நுழைந்த சொல் எப்படிக் குடித்தனம் நடத்துகிறது என்று விளக்கினார். பன்னிரண்டாவது நிமிடத்தில், தட்டச்சு செய்யும் பெண் கையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தாள்.

"சார்... சொன்னாரா?"

"சீட்டு இருக்கு" என்றார் பேராசிரியர். "சீட்டு இல்லாம என் ஆய்வுக்குள்ள ஒரு சொல் வராது. சீட்டு பொய் சொல்லாது."

சின்னவள் பெட்டியைத் திறந்தாள். முப்பத்தெட்டாவது சீட்டு கைமாறிக் கைமாறி அதிகாரியிடம் போனது. வழியில் செயலாளர் அதை ஒரு தரம் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இதுக்கு மேல என்ன சார் வேணும்?" என்றார் அவர். "பழக்கம் இருக்கறவன்தான் அதுக்குப் பேர் வைப்பான்!"

சின்னவளுக்குச் சுரீர் என்றது. இரண்டு வாரத்தில் அந்த மனிதர் சொன்ன ஒரே உண்மை அது. ஆளைத்தான் மாற்றிச் சொல்லிவிட்டார்.

அதிகாரி மெக்கானிக்கின் பக்கம் திரும்பினார். "நீங்க என்ன சொல்றீங்க?"

"அஞ்சு வருஷமா அந்த லிஃப்டைப் பார்க்கறேன் சார். கயிறு, பிரேக்கு, கதவு, ஒண்ணொண்ணா பார்த்துட்டுதான் கையெழுத்து போடுவேன். அன்னிக்கு எரிஞ்சது கன்ட்ரோல் போர்டு. அது எரியப்போறேன்னு முன்கூட்டிச் சொல்லாது சார்."

"அது இருக்கட்டும். இந்த வார்த்தை?"

"சொன்னதா ஞாபகம் இல்லை சார்."

"சொல்லலைங்கிறீங்களா, ஞாபகம் இல்லைங்கிறீங்களா?"

மெக்கானிக் மேஜையைப் பார்த்தார். "முதல்ல சொல்லவே இல்லைன்னுதான் சொன்னேன். என் வீட்டுக்காரியே, 'அச்சுல போட்டிருக்காங்களே, நீங்கதான் விளையாட்டா ஏதாவது சொல்லியிருப்பீங்க'ன்னா. படிச்சவங்க எழுதினது பாருங்க... இப்ப எனக்கே சந்தேகமா இருக்கு சார். சொல்லியிருப்பேனோன்னு."

"அவர் சொல்லலை."

எல்லோரும் திரும்பினார்கள். சின்னவள் எப்போது எழுந்தாள் என்பது அவளுக்கே தெரியவில்லை.

"உட்காரும்மா" என்றார் பேராசிரியர். "சார், இவ என் பொண்ணு. சீட்டு எழுதினது இவதான்."

"எழுதினேன். கேக்கலை."

"கேட்டுத்தானே எழுதினே."

"கேக்கலைப்பா. அவர் என்கிட்ட சொன்னது, படியில போயிடுங்கங்கிறதுதான். மத்ததெல்லாம் நானா எழுதினது."

பேராசிரியர் சிரித்தார். சபையில் அடியெடுத்துக் கொடுப்பவர் வரியை மாற்றிவிட்டால் சிரிப்பார்களே, அப்படி. அந்தச் சிரிப்பு இறங்க இடம் தெரியாமல் முகத்திலேயே கொஞ்ச நேரம் நின்றது.

அதிகாரி பேனாவை வைத்தார். "ஏம்மா, ஒருத்தர் வேலை சம்பந்தப்பட்ட விஷயம். உங்க கட்டடத்துக்கு வர்றவர்னு இரக்கப்பட்டு, காப்பாத்தறதுக்காகச் சொல்றீங்களா? இல்லைன்னா இந்த அர்த்தம் உங்களுக்கு எங்கேருந்து வந்தது?"

இதை அவள் எதிர்பார்க்கவில்லை.

"என் கடையிலேருந்து சார். சீப்பு, கத்தரி எல்லாம் மெஷின்ல போட்டு எடுத்ததா ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதடவை கையெழுத்து போடணும். போடாமலே கையெழுத்து போடுவோம். நானும் போடுவேன். பேர் வச்சது நான்தான். வச்சு அவர் தலையில கட்டிட்டேன்."

செயலாளரின் கை தானாகத் தன் தலைக்குப் போனது. "எந்தக் கடை?"

"உங்க வீட்டம்மா வர்ற கடைதான் சார்."

"நானும்தானேம்மா அங்க வர்றேன்!"

தட்டச்சு செய்யும் பெண் இப்போது விடாமல் தட்டிக்கொண்டிருந்தாள்.

அதிகாரி மட்டும் அசையவில்லை. "இவங்க சொன்னதைப் பதிவு பண்ணிக்கறேன். ஆனா புத்தகத்துல இருக்கறது உங்க பேர் சார். இந்தப் பதிவு தப்புன்னு நீங்க கைப்பட எழுதிக் கொடுத்தா இவரை இப்பவே வேலைக்கு எடுத்துக்கறேன். இல்லைன்னா, அச்சுல இருக்கறதுதான் நிக்கும்."

வெள்ளைத்தாள் ஒன்று மேஜை மேல் நகர்ந்து வந்து பேராசிரியர் முன்னால் நின்றது. அவர் மகளைப் பார்க்கவில்லை. பேனாவைத் திறந்தார். கொஞ்சம் எழுதினார். அதிகாரி வாங்கி உரக்கப் படித்தார்.

"'முப்பத்தெட்டாவது பதிவில் ஓர் அச்சுப்பிழை நேர்ந்துவிட்டது...'"

"சார்" என்றார் மெக்கானிக், மெதுவாக. "அச்சுப்பிழைன்னா, நான் வேற எதையோ சொன்னேன், அது மாறிப்போச்சுன்னு ஆயிடும். நான் எதையுமே சொல்லலையே சார்."

இரண்டாவது தாள் வந்தது. 'கள ஆய்வின் போக்கில் ஏற்பட்ட பிறழ்வு' என்று அதில் இருந்தது.

"பிறழ்வுன்னா என்ன சார்?"

கேலியே இல்லாத கேள்வி. அவருக்கு உண்மையிலேயே தெரியவில்லை. பேராசிரியர் பதில் சொல்ல வாயைத் திறந்து, மூடிக்கொண்டார். நாற்பது வருடம் மற்றவர்களுக்கு அர்த்தம் சொல்லிப் பிழைத்த மனிதர் ஒரு சொல்லுக்கு அர்த்தம் சொல்லாமல் விட்டதை அன்றைக்குத்தான் சின்னவள் பார்த்தாள். பார்க்காமல் இருந்திருக்கலாம் என்று இருந்தது.

மூன்றாவது தாளில் மூன்றே வரிகள். இந்த முறை அதிகாரி தாழ்ந்த குரலில் படித்தார்.

"'இவர் இதைச் சொல்லவில்லை. இவர் எங்கள் கட்டடத்துக்கு ஐந்து வருடமாக வருகிறார். நான் இவரிடம் ஒரு முறைகூடப் பேசியதில்லை.'"

கீழே கையெழுத்து. பட்டங்கள் எதுவும் இல்லை. மகளைப் பற்றியும் ஒரு வார்த்தை இல்லை. அவளைப் பற்றி எழுதித் திட்டியிருந்தால்கூட அவளுக்குப் பாரம் கொஞ்சம் இறங்கியிருக்கும்.

*

வெளி வராந்தாவில் மெக்கானிக் நின்றிருந்தார். சின்னவள் கிட்டே போனாள்.

"மன்னிச்சிடுங்க."

அவர் தலையை ஆட்டினார். சரி என்றும் எடுத்துக்கொள்ளலாம், கேட்டது என்றும் எடுத்துக்கொள்ளலாம். "அந்தத் தாளை ஒரு காப்பி எடுத்துத் தரேன்னாங்க மேடம். அதுக்குத்தான் நிக்கறேன். வீட்டுல காட்டணும்."

டாக்ஸியில் பேராசிரியர் ஜன்னலோரம் உட்கார்ந்தார்.

"திட்டுங்கப்பா."

"உன்னை எதுக்குத் திட்டணும்? பக்கத்து ஆள்கிட்ட நானே போய்க் கேட்டிருந்தா ஒரு நிமிஷத்துல தெரிஞ்சிருக்கும்." கொஞ்ச தூரம் போனதும் கேட்டார்: "ஏன் பண்ணினே?"

"வெறுங்கையோட வந்தா நீங்க பெட்டியை மூடிட்டு எழுந்து போயிடுவீங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார்.

சின்னவளின் செல்போன் அடித்தது. அம்மா. எப்போதும்போல, ஒலிபெருக்கியே தேவையில்லாத குரல்.

"எங்கே இருக்கீங்க ரெண்டு பேரும்? ஏதோ காலேஜ்லேருந்து நாலு பேர் வந்து உக்காந்திருக்காங்க, பூங்கொத்து எல்லாம் வச்சிக்கிட்டு. அப்பா புத்தகத்தைப் பாடமா வைக்கப்போறாங்களாம்! இன்னிக்கே கையெழுத்து வேணுமாம். அவர் பேச்சைக் கேக்கணும்னு பசங்க துடிக்கறாங்களாம். என்ன சொல்லட்டும்?"

பேராசிரியர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். முதுகு நிமிர்ந்தது. குரல் தொண்டையை விட்டு மேடைக்கு ஏறிவிட்டது.

"உக்காரச் சொல்லு! பத்து நிமிஷத்துல வந்துடறேன்னு சொல்லு. ஒரு சீட்டுல தவறு. அதைத் திருத்திக் கொடுத்தாச்சு. ஆய்வுன்னா அதெல்லாம் சகஜம்."

சின்னவள் போனை அணைத்தாள். அவர் முகத்தில் அந்தப் பழைய மலர்ச்சி. காலையில் அதைக் கெடுக்க மனம் வராமல்தான் டீயை ஆற்றிக்கொண்டிருந்தாள். இப்போது மனம் வருகிறதா என்று ஒரு கணம் தனக்குள் தேடிப் பார்த்தாள். வரவில்லை. வராமலே சொன்னாள்.

"அந்த மாதிரிச் சீட்டு இன்னும் பத்து இருக்குப்பா."

அவர் திரும்பவில்லை. எதிரே சாலை காலியாக இருந்தது. வீடு இரண்டு தெரு தள்ளித்தான்.

"டிரைவர்" என்றார் பேராசிரியர், வண்டியை நிறுத்தச் சொல்பவர் போல முன்னால் சாய்ந்து. ஆனால் நிறுத்தச் சொல்லவில்லை. "கொஞ்சம் மெதுவாப் போங்க."